பக்கத்தில் படுத்திருப்பவரைக் கேளுங்கள்

கச்சிராயபாளையம் பக்கமிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். கணவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அரவைப் பருவத்தில் கரும்பு லாரி ஓட்டுபவர். இரத்த அழுத்தத்துக்கு மூன்று விதமான மாத்திரைகள் சாப்பிடுகிறார். ஒருநாளும் விடாமல் சாப்பிடுகிறார் என்பதற்கு மனைவியே சாட்சி. ஊறுகாய், கருவாடு எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. அப்படியும் அழுத்தம் 160-க்குக் கீழே இறங்கவில்லை. சிறுநீரகத்திலும் கோளாறு இல்லை.

"தூக்கம் எப்படி?" என்று கேட்டேன்.

"படுத்ததும் தூங்கிடுவேன் டாக்டரம்மா. அதுல ஒரு குறையும் இல்ல."

பின்னால் நின்றிருந்த மனைவி பொறுக்க முடியாமல் முன்னால் வந்தார். "அவரு தூங்குவாரு, நான்தான் தூங்கறதில்ல. குறட்டை வுட்டுக்கினே இருப்பாரு, திடீர்னு சத்தமே இருக்காது. மூக்குகிட்ட கை வெச்சிப் பாப்பேன், காத்து வராது. அப்புறம் வெடுக்குனு ஒரு இழுப்பு இழுப்பாரு. அது வர்ற வரைக்கும் எனக்கு உசுரு இருக்காது."

எத்தனை வருடமாக என்று கேட்டேன். "பெரியவ கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே" என்றார். அந்தப் பெரிய மகளின் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.)

பத்து வருடம் இருக்கும். அதற்குள் அவருக்கு எத்தனையோ முறை அழுத்தம் பார்த்திருக்கிறார்கள், இசிஜி எடுத்திருக்கிறார்கள், மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், கூட்டியிருக்கிறார்கள். அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்பதற்கான பதில் அத்தனை முறையும் அவர் கூடவே வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. யாரும் அந்த அம்மாவைக் கேட்கவில்லை. தூக்கத்தைப் பற்றித் தூங்கியவரிடமே கேட்டுவிட்டு விட்டுவிடுகிறோம். அவருக்கு எப்படித் தெரியும்?

குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்றால் கவலையில்லாமல் தூங்குகிறார் என்றுதான் நம் ஊரில் பொருள். உழைத்த உடம்பு, அசந்து தூங்குகிறது என்பார்கள். கும்பகர்ணன் என்று கேலி செய்வார்கள். சினிமாவிலும் அது சிரிப்புக் காட்சி. ஒரு மருத்துவராக எனக்கு இதில்தான் பெரிய வருத்தம். வலியென்றால் வைத்தியரிடம் போவார்கள்; சிரிப்பென்றால் யாரும் போகமாட்டார்கள்.

தொண்டையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இளநீர்க் கடையில் காகிதக் குழல் போட்டுத் தருகிறார்கள். குழல் நனைந்து துவண்டதும் என்ன ஆகிறது? நாம் உறிஞ்ச உறிஞ்ச அதன் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்கிறது. வேகமாக உறிஞ்சினால் இன்னும் இறுக ஒட்டுகிறது. நம் தொண்டையும் அப்படியொரு குழல்தான். மூச்சுக்குழாய்க்கு இருப்பது போன்ற குருத்தெலும்பு வளையம் தொண்டைக்குக் கிடையாது. அதைத் திறந்து வைத்திருப்பவை தசைகள். விழித்திருக்கும்போது அவை விறைப்பாக நிற்கும், தூங்கியதும் தளரும். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும். வழி குறுகி, போகிற காற்று உள்நாக்கையும் மெல்லண்ணத்தையும் அதிர வைத்தால் அது குறட்டை. வழி முழுக்க அடைத்துக்கொண்டால் சத்தம் நின்றுவிடும். அந்த அம்மா மூக்கருகே கை வைத்துப் பார்த்தது அந்த நேரத்தில்தான்.

இப்படிப் பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதை ஆப்னியா என்கிறோம். மணிக்கு ஐந்து முறைக்கு மேல் மூச்சு நின்றாலோ, வெகுவாகக் குறைந்து போனாலோ அது நோய்க்கணக்கில் வரும். முப்பதைத் தாண்டினால் கடுமை. மணிக்கு முப்பது என்றால் ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 முறை. ஒரே இரவில் 210 முறை கழுத்தைப் பிடித்து விடுவது போல. காலையில் எழும்போது அதில் ஒன்றுகூட அவருக்கு நினைவிருக்காது. நெஞ்சு மட்டும் மறக்காது.

ஒவ்வொரு முறை வழி அடைக்கும்போதும் இதயத்துக்கு மூன்று விதங்களில் அடி விழுகிறது. முதலாவது, இரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. இரண்டாவது, மூச்சு முட்டுவதை உணர்ந்த மூளை, "எழுந்திரு" என்று உடம்பை உலுக்குகிறது. அட்ரினலின் பாய்கிறது, நாடி துள்ளுகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் எகிறுகிறது. மூன்றாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அடைத்த வழிக்கு எதிராக மார்பு இழுத்து இழுத்துப் பார்க்கும்போது மார்புக்கூட்டுக்குள் ஒரு வெற்றிட இழுவிசை உண்டாகிறது. இதயத்தின் சுவர்களை அது வெளிப்பக்கமாக இழுக்கிறது. மெல்லிய சுவர் கொண்ட மேலறைகள் நாளடைவில் விரிந்து போகின்றன. இதயத்துடிப்பு தாளம் தப்பும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறுக்கு இப்படித்தான் வழி பிறக்கிறது. பக்கவாதத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

மேலறை விரியும்போது, உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் தப்புக்கணக்குப் போட்டு, நீரை வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அதனால்தான் இந்த நோயாளிகள் இரவில் மூன்று முறை, நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார்கள். சர்க்கரை என்று நினைத்துச் சர்க்கரை பார்ப்பார்கள், ப்ராஸ்டேட் என்று நினைத்து ஸ்கேன் எடுப்பார்கள். இரண்டும் சரியாக இருந்தால் குறட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சாதாரணமாக இரவில் தூங்கும்போது இரத்த அழுத்தம் பத்து முதல் இருபது சதவீதம் வரை இறங்கும். பகலெல்லாம் ஓடிய இதயத்துக்கு அதுதான் ஓய்வு. தூக்கத்தில் மூச்சு அடைப்பவர்களில் பலருக்கு அந்த இறக்கம் கிடையாது. சிலருக்கு இரவில் ஏறவும் செய்கிறது. பகலில் மாத்திரை கட்டுகிற அணையை இரவு உடைத்துவிடுகிறது. அந்த லாரி ஓட்டுநருக்கு மூன்று மாத்திரைக்கும் அழுத்தம் அடங்காமல் போனதற்குக் காரணம் இதுவே.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-இல் எழுதத் தொடங்கிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் நின்ற இடத்திலேயே தூங்கி வழியும் ஒரு பருத்த பையன் வருவான். அவனை நினைத்தே 1956-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நோய்க்கு 'பிக்விக் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பதுதான் சங்கதி என்று 1965-இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் பதிவு செய்தார்கள். அப்போது தெரிந்த மருத்துவம் தொண்டையில் துளை போடுவது ஒன்றுதான். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் வேறு வழி கண்டார். மூக்கில் மாட்டிய மூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தால் தொண்டை ஒட்டாது. சிபாப் என்று இன்று சொல்லும் கருவி அதுதான். மருந்தில்லை, கத்தியில்லை, வெறும் காற்று.

அதற்குப் பிறகு சான்றுகள் வரத் தொடங்கின. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 709 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000-இல் முடிவு வெளியிட்டார்கள். மணிக்குப் பதினைந்து முறைக்கு மேல் மூச்சு தடைப்பட்டவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மூன்று மடங்கை நெருங்கியது. 2005-இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள், ஏற்கெனவே உறக்கப் பரிசோதனை செய்திருந்து பிறகு திடீரென இதயம் நின்று இறந்த 112 பேரின் கோப்புகளைப் புரட்டினார்கள். திடீர் இதய மரணங்கள் பொதுவாகக் காலை எழுந்த பிறகுதான் அதிகம். மூச்சு அடைப்பு இருந்தவர்களுக்கோ 46 சதவீத மரணங்கள் நள்ளிரவுக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் நடந்திருந்தன. "ராத்திரி நல்லா சாப்பிட்டுப் படுத்தாரு, காலையில எழுந்திருக்கல" என்று நம் ஊரில் எத்தனை சாவு வீடுகளில் கேட்டிருக்கிறோம்! தூக்கத்திலேயே போன நல்ல சாவு என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். அவற்றில் சிலவாவது தடுத்திருக்கக்கூடிய சாவுகள் என்று நான் நினைக்கிறேன்.

இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் 69 வயதில் இறந்தபோது மருத்துவர்கள் சொன்ன காரணம் இதே நோய்தான். செய்தித்தாள்கள் அன்று ஒருநாள் எழுதின. அதோடு சரி.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். குறட்டை விடுகிற எல்லோருக்கும் மாரடைப்பு வராது. ஸ்பெயினில் பத்தாண்டு காலம் ஆண்களைத் தொடர்ந்து பார்த்து 2005-இல் வெளியான ஆய்வில், மூச்சு நிற்காமல் வெறுமனே குறட்டை மட்டும் விட்டவர்களுக்கு இதய ஆபத்து குறிப்பிடும்படி கூடவில்லை. கடுமையான மூச்சு அடைப்பு இருந்தும் சிகிச்சை எடுக்காதவர்களுக்கே உயிர்போகும் இதய நிகழ்வுகள் அதிகம். ஆக, சத்தத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். சத்தம் அறுந்து போகிற இடத்தைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஏற்கெனவே இதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ உள்ள 2,700 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 2016-இல் வந்தது. சிபாப் கொடுத்ததால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை என்பது அதன் முடிவு. இதைக் காட்டிச் சிலர், "அப்படியானால் கருவி எதற்கு?" என்று கேட்கிறார்கள். அந்த ஆய்வில் கருவியை மக்கள் மாட்டியிருந்தது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான். பாதி இரவு கதவைப் பூட்டிவிட்டு மீதி இரவு திறந்து போட்டால் திருடன் வரத்தான் செய்வான். தவிர, அதே ஆய்வில் பகல் தூக்கம் குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது. கருவியால் இரத்த அழுத்தம் ஓரளவு இறங்குவதை வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடங்காத அழுத்தம் உள்ளவர்களுக்கு இன்னும் நன்றாகவே இறங்குகிறது. இதயம் கெட்டுப்போன பிறகு கருவி மாட்டுவதைவிடக் கெடுவதற்கு முன்பே கண்டுபிடிப்பதில்தான் பலன் என்பது என் கருத்து.

இந்த நோய் பணக்கார நாட்டு நோய், பருத்தவர் நோய் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். உலகில் 30 முதல் 69 வயதுக்குள் 93 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது இருப்பதாக 2019-இல் ஒரு மதிப்பீடு வந்தது. மும்பையில் மருத்துவர் ஜரீர் உத்வாடியா குழுவினர் 2004-இல் 35 முதல் 65 வயதுக்குட்பட்ட நகர ஆண்களில் 7.5 சதவீதம் பேருக்கு, பகல் தூக்கம் முதலிய தொல்லைகளோடு கூடிய ஆப்னியா இருப்பதைக் கண்டார்கள். ஆசியர்களுக்குத் தாடையின் அமைப்பே சிறியது. நாக்குக்கு இடம் குறைவு. அதனால் ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு அடைப்பு வந்துவிடுகிறது. கல்வராயன் மலையில் மேடும் பள்ளமும் ஏறி இறங்கி ஒல்லியாக இருப்பவருக்கும் வரலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வாய்ப்பு கூடும். பெண் குறட்டை விடுவதை வீட்டில் வெட்கமாக நினைத்து மறைக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரிடம் கேட்பது என்பதே பெரிய கேள்வி. மகள்களைக் கேட்க வேண்டும்.

கச்சிராயபாளையத்தை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை அங்கே இருக்கிறது. பக்கத்தில் கோமுகி அணை, சுற்றிலும் கரும்பு. அரவை தொடங்கிவிட்டால் ஆலைக்கு இரவு பகல் கிடையாது. வெட்டு ஆர்டர் வந்த வயலில் கரும்பு வெட்டி ஏற்றி, லாரியும் டிராக்டரும் இரவெல்லாம் ஓடும். ஷிப்டு மாறி மாறி வேலை செய்பவர்களும், விட்டு விட்டுத் தூங்கும் ஓட்டுநர்களும் நிறைந்த ஊர். இவர்களுக்குத் தூக்கம் ஏற்கெனவே குறைவு. கிடைக்கும் நான்கு மணி நேரத்திலும் மூச்சு அடைத்தால் மறுநாள் ஸ்டியரிங்கில் கண் சொருகும். உடம்பு வலிக்கு என்று படுக்கும் முன் குடிப்பவர்களுக்கு இன்னும் மோசம். சாராயம் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்துகிறது. சில தூக்க மாத்திரைகளும் அப்படியே. இங்கே இதயம் மட்டும் ஆபத்தில் இல்லை. எதிரே இரண்டு சக்கர வண்டியில் வருபவரும் ஆபத்தில் இருக்கிறார்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் மற்ற மாநிலங்களைவிடப் பெரிய வசதி வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுய உதவிக் குழுப் பெண்களே சுகாதாரத் தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாத்திரையை வாசலிலேயே தருகிறார்கள். 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே உடனடி மாத்திரைகள் கொடுத்து அனுப்புகிறார்கள். நெஞ்சு வலித்த பிறகு செய்ய வேண்டியதை அரசு நன்றாகவே யோசித்திருக்கிறது. வலிப்பதற்குப் பத்து வருடம் முன்பே பாயில் கேட்கும் சத்தத்தை மட்டும் விட்டுவிட்டோம்.

என் கோரிக்கை சிறியது. அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வரும் அந்தத் தன்னார்வலர், கையில் பட்டையைச் சுற்றும்போது வீட்டிலிருக்கும் இன்னொருவரைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்கட்டும். "இவர் பலமாகக் குறட்டை விடுகிறாரா? நடுவில் மூச்சு நிற்கிறதா?" கேட்பவரும் பெண், பதில் சொல்பவரும் பெரும்பாலும் பெண். மருத்துவரிடம் சொல்லத் தயங்குவதைத் தெருவில் பழகிய பெண்ணிடம் தயங்காமல் சொல்வார்கள். இரண்டுக்கும் ஆம் என்றால், அதோடு அழுத்தமும் அடங்கவில்லை என்றால், அட்டையில் ஒரு குறி போட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்பட்டும். டொராண்டோவில் மயக்கவியல் மருத்துவர் பிரான்சிஸ் சங் 2008-இல் வெளியிட்ட கேள்வித்தாளும் இதே வகைதான்: குறட்டை, பகல் சோர்வு, மற்றவர் கண்ட மூச்சு நிறுத்தம், இரத்த அழுத்தம். இவற்றோடு எடை, வயது, கழுத்துச் சுற்றளவு, ஆண்பால் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். கழுத்தை அளக்க ஒரு தையல்காரர் டேப் போதும். 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை.

அனுப்பினால் மட்டும் போதாது, போகிற இடத்தில் பரிசோதனை இருக்க வேண்டும். கச்சிராயபாளையம் இருக்கும் கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. விழுப்புரத்துக்கும் சேலத்துக்கும் ஓடிய காலம் மாறிவிட்டது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வருபவர் ஒரு இரவு தங்கிச் செய்துகொள்ளும்படியோ, விரலில் மாட்டும் சிறு கருவியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்படியோ உறக்கப் பரிசோதனை எல்லா மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் வழக்கமான சேவையாக நடக்க வேண்டும்.

அடுத்தது விலை. சிபாப் கருவி சில பத்தாயிரம் ரூபாய் ஆகிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் இதை வாங்கிய பணத்தைத் திரும்பப் பெற விதி இருக்கிறது. தில்லியில் கோப்பு பார்ப்பவரின் தொண்டையும் கச்சிராயபாளையத்தில் கரும்பு ஏற்றுபவரின் தொண்டையும் ஒரே மாதிரிதான் அடைக்கிறது. கடுமையான நோய் என்று பரிசோதனையில் உறுதியான ஏழைக்குக் கருவியை அரசே இரவலாகவாவது தர வேண்டும். ஆக்ஸிஜன் செறிவூட்டியைக் கொரோனா காலத்தில் கொடுத்துப் பழகிய துறைக்கு இது முடியாத காரியமில்லை.

எல்லோருக்கும் கருவி வேண்டியதில்லை. லேசான நோய் என்றால் ஒருக்களித்துப் படுப்பதே பாதி மருந்து. முதுகுப் பக்கம் ஒரு பந்தை வைத்துத் தைத்த பனியன் போட்டுக்கொண்டால் மல்லாக்கத் திரும்ப முடியாது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே அடைப்பு கணிசமாகக் குறைகிறது. படுக்கும் முன் குடிப்பதை விட வேண்டும். குழந்தை குறட்டை விட்டால் அது அழகில்லை. டான்சில், மூக்கடிச்சதை பெருத்திருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். 2006-இல் சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூ என்ற நீண்ட ஊதுகுழலை நான்கு மாதம் ஊதிப் பழகியவர்களுக்கு மூச்சு அடைப்பு குறைந்தது. பின்னர் வேறொரு கணக்கெடுப்பில், சீவாளி போல இரட்டை நாக்கு வைத்து ஊதும் கருவிக் கலைஞர்களுக்கு இந்த ஆபத்து குறைவாகத் தெரிந்தது. நாதஸ்வரம் வாசிப்பவர்களை வைத்து நம் மருத்துவக் கல்லூரிகளில் யாராவது இதை ஆராய்ந்தால் மகிழ்வேன்.

அந்த லாரி ஓட்டுநர் இப்போது கருவி மாட்டித் தூங்குகிறார். முதல் வாரம் மூடி உறுத்துகிறது என்று கழற்றி வைத்தார். மனைவி விடவில்லை. மூன்று மாத்திரை இரண்டாகியிருக்கிறது. அழுத்தம் 130-க்குப் பக்கத்தில் நிற்கிறது. மறுபரிசோதனைக்கு வந்த அன்று அந்த அம்மா வெளி பெஞ்சில் உட்காராமல் உள்ளே வந்து என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் இருந்து, அவர் குறட்டையும் விடுகிறார் என்றால், இன்று இரவு ஐந்து நிமிடம் கைபேசியில் பதிவு செய்யுங்கள். சத்தம் நிற்கும் இடத்தில் விநாடிகளை எண்ணுங்கள். அடுத்த முறை அவர் மருத்துவரிடம் போகும்போது அந்தப் பதிவோடு நீங்களும் உள்ளே போங்கள்.

கட்டுரையாளர்: நுரையீரல், உறக்க நோய் மருத்துவர்.